மைப்ரிட்ஜா, மாரேயா?

சினிமாவின் பிறப்பைச் சொல்லவரும் நூல்கள் பெரும்பாலும் ஒரு குதிரையில் தொடங்குகின்றன. 1878 ஜூனில், கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பண்ணை ஓடுபாதையோரம் புகைப்படக் கலைஞர் எட்வேர்ட் மைப்ரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட, ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. பாய்ச்சலில் நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது தெளிவானது. அதுவும் ஓவியர்கள் வரைந்துவந்ததுபோல் கால்களை நீட்டியபடி அல்ல, வயிற்றுக்கடியில் மடக்கியபடி.

மகத்தான சாதனைதான். ஆனால் சினிமாவின் முன்னோடி என்ற இடத்துக்கு இது போதாது. 12 கேமரா என்றால் 12 கோணம். குதிரையோடு பார்வையும் நகர்ந்துவிடுகிறது. படங்களுக்கிடையிலான நேரத்தை அன்று முடிவுசெய்தது குதிரையின் வேகமே. பின்னாளில் கடிகாரப் பொறியால் ஷட்டர்களை இயக்கினார், கோணச் சிக்கல் தீரவில்லை. அவருடைய படக்காட்டுக் கருவியான ஜூப்ராக்சிஸ்கோப் திரையில் காட்டியவைகூடப் பெரும்பாலும் புகைப்படங்கள் அல்ல, அவற்றைப் பார்த்துக் கண்ணாடி வட்டில் தீட்டிய சித்திரங்கள். 1887இல் 781 தட்டுகளாக வெளிவந்த 'விலங்கு இயக்கம்' தொகுப்பிலும் பல வரிசைகள் இடையில் படம் விடுபட்டவை, மாற்றி அடுக்கப்பட்டவை என்று ஆய்வாளர் மார்த்தா பிரான் நிறுவியிருக்கிறார். அறிவியல் சான்றாக முன்வைத்த நூலில் இதைச் சிறு குறை என்று தள்ள முடியாது.

பாரிஸின் உடலியங்கியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே அந்தக் குதிரைப் படங்களைக் கண்டு வியந்தவர். பறக்கும் பறவையைப் பிடிக்க 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் நொடிக்கு 12 படங்கள், ஒரே லென்ஸ் வழியாக. 1888இல் கண்ணாடித் தட்டைக் கைவிட்டு நீண்ட காகிதச் சுருளுக்கு மாறினார். ஒரே கோணம், சம நேர இடைவெளி, நின்று நின்று நகரும் சுருள்: படச்சுருள் கேமராவின் அடிப்படை அப்போதே கூடிவிட்டது.

மாரேக்கு எதிராகச் சொல்லவும் வலுவான வாதம் உண்டு. அவருடைய சுருளில் துளைகள் இல்லை, அதனால் படங்கள் சீரான தூரத்தில் விழவில்லை. கண் காண்பதையே திரும்பக் காட்டுவதில் அவருக்கு நாட்டமும் இல்லை. அசைவைப் பகுத்து அளப்பதே அவர் நோக்கம். மக்களுக்குப் படம் காட்ட விரும்பிய உதவியாளர் தெமெனியை 1894இல் விலக்கியும்விட்டார். துளையிட்ட சுருள் எடிசனின் ஆய்வுக்கூடத்தில், அவருடைய உதவியாளர் டிக்சனின் கைவண்ணத்தில் வந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கித் திரையிட்டவர்கள் லூமியேர் சகோதரர்கள்.

ஆயினும் எடிசன் 1889இல் பாரிஸ் சென்று மாரேயைச் சந்தித்து, அவர் வேலையை நேரில் கண்டவர். சுருள் கேமராவை நோக்கி எடிசனின் கூடம் திரும்பியது அதன் பிறகுதான். 1888இலேயே லீட்ஸில் அசையும் படம் எடுத்த லெ பிரான்ஸ், 1890இல் காணாமல் போனதால் யாருக்கும் வழிகாட்ட இயலவில்லை. மாரேயின் வழியோ தொடர்ந்தது.

நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் மாரே சினிமாக்காரரே அல்ல. ஆனால் ஒரு கருவியின் வரலாற்றைக் கருவியைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். சினிமா கேமராவின் முன்னோடி மாரேதான். மைப்ரிட்ஜுக்கு உரியது அவரைத் தூண்டிய பெருமை.