செஸ் கோச்சை எதைக் கொண்டு அளப்பது?

மார்க் டுவோரெட்ஸ்கி கிராண்ட்மாஸ்டர் அல்ல. இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தோடு போட்டி ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்தவர். அவரிடம் கற்ற வலேரி செகோவ் 1975-இலும், அர்தூர் யூசுபோவ் 1977-இலும், செர்கேய் டோல்மடோவ் 1978-இலும் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார்கள். கோச்சின் பட்டத்தையே முதல் தகுதியாக வைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகப் பட்டத்துக்குப் பொருளே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. ஒரு நிலையைப் பற்றிக் கோச் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்ற உறுதியை அது தருகிறது. அந்த நிலையில் மாணவர் கண்ணில் அது ஏன் படவில்லை என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியுமா என்பது வேறு திறன். அதற்குப் பட்டம் சாட்சி அல்ல.

மாணவர் பட்டியல் இதைவிட நல்ல சான்று, கவனமாகப் படித்தால். சென்னையில் 2008-இல் செஸ் குருகுலத்தைத் தொடங்கிய ஆர்.பி. ரமேஷிடம் பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி எனப் பலர் பயின்றிருக்கிறார்கள். ஒரே ஒரு மேதை அமைவது தற்செயலாக இருக்கலாம்; இத்தனை பேர் வரிசையாக வருவது முறைமையின் விளைவு. ஆனால் புகழ் பெற்ற பள்ளியைத் தேடித் திறமைசாலிகள் தாமாகவே வருகிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது நடுவில் இருப்பவர்களைப் பற்றி: தனித்திறமை ஏதும் தெரியாமல் 1300 ரேட்டிங்கில் வந்து சேர்ந்தவர் இரண்டு ஆண்டில் எங்கே இருக்கிறார்? எந்த விளம்பரமும் இதைச் சொல்வதில்லை. கோச்சின் கண்ணும் தவறக்கூடியதே. சிறுவனாகத் தம் பள்ளிக்கு வந்த கார்போவுக்கு இந்தத் துறையில் எதிர்காலம் இல்லை என்று முன்னாள் உலக சாம்பியன் போட்வின்னிக் கணித்ததாகப் பதிவு உண்டு. அதே கார்போவ் 1975-இல் உலக சாம்பியன் ஆனார்.

ரேட்டிங் ஏற்றத்தைச் சான்றாகக் காட்டும் கோச்சிடம் தேதியைக் கேளுங்கள். 2024 மார்ச்சில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, 2000-க்குக் கீழிருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரே வீச்சில் உயர்த்தியது. 1200-இல் இருந்தவர் ஒரு காயைக்கூட நகர்த்தாமல் 1520 ஆனார். வயதையும் கேளுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2300-க்குக் கீழே, ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதை நிர்ணயிக்கும் கே-காரணி 40. நிலைபெற்ற ரேட்டிங் உள்ள பெரியவருக்கு அந்த மட்டத்தில் 20. அதாவது ஒரே வெற்றிக்குச் சிறுவருக்கு இரட்டிப்புப் புள்ளி. வேலைக்குப் போய்க்கொண்டே விளையாடும் முப்பத்தைந்து வயதுக்காரரை 200 புள்ளி ஏற்றிவிட்ட கோச்சை, அதே ஏற்றத்தைப் பத்து வயதுச் சிறுவனிடம் காட்டியவரைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

இனி முறைமை. கோச் விஷ்ணு பிரசன்னா, தம் மாணவர் குகேஷைக் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை கணினி இன்ஜின் பக்கம் விடாமல் வளர்த்தார். துணிச்சலான, உள்முரண் இல்லாத முடிவு: மாணவர் சொந்தக் கணிப்பை நம்பக் கற்றார். இதைப் பார்த்து 'இன்ஜின் வேண்டாம்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும் கோச்சுகள் ஒன்றை மறக்கிறார்கள். இன்ஜினை விலக்கினால் மாணவரின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்கக் கோச்சின் தலையில் விழுகிறது. விஷ்ணு பிரசன்னா அதைத் தாங்கக்கூடியவர். பலவீனமான கோச்சிடம் அதே முடிவு பிழையைக் கெட்டிப்படுத்தும்.

முறைமை உண்மையில் வெளிப்படுவது தோற்ற ஆட்டத்தை அலசும்போதுதான். ஒரு ரூக் எண்ட்கேமை எடுத்துக்கொள்வோம். எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூடுதல், மாணவரின் ராஜா அதன் வழியை மறித்து நிற்கிறது. ஃபிலிடோர் தற்காப்பின்படி, எதிராளி பக்கமிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் வரிசையில் ரூக்கை நிறுத்தி அவர் ராஜாவை முன்னேற விடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு ஏறிய பிறகே ரூக்கை எதிராளி பக்கத்து முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். மாணவர் முன்கூட்டியே ரூக்கை எடுத்துவிட்டுத் தோற்றார்.

ஒரு கோச் ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினை ஓடவிட்டு, மதிப்பீடு சரிந்த இடத்தைச் சுட்டி, "இது டிரா, விட்டுட்ட" என்று சொல்லி அடுத்த ஆட்டத்துக்குப் போகிறார். சொன்னதில் பிழையில்லை, பயனுமில்லை. இன்னொருவர் லேப்டாப்பை மூடிவிட்டு, "அப்போ கிளாக்ல எவ்வளவு இருந்துச்சு? வேற எந்த மூவ் பார்த்த?" என்று கேட்கிறார். ஃபிலிடோர் நிலையே தெரியாதா, தெரிந்தும் பலகையில் அடையாளம் காணவில்லையா, கண்டுகொண்டும் முப்பது நொடிதான் மிச்சமிருந்ததா? முதலாவதற்கு எண்ட்கேம் பாடம் போதும். இரண்டாவதற்கு அதே நிலையைக் கோச்சை எதிர்த்துப் பலமுறை விளையாட வேண்டும். மூன்றாவதில் குறை எண்ட்கேமிலேயே இல்லை; பத்தாவது மூவில் இருபது நிமிடம் ஏன் கரைந்தது என்று போய்ப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு ஓப்பனிங் ஃபைல் அனுப்பும் கோச் இவற்றுள் எதையும் தொடுவதில்லை. அனுப்பும் ஃபைல்கள் தரமானவையாகவே இருக்கலாம். 1500-இல் ஆடுபவரின் தோல்விகள் பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே நிகழ்கின்றன.

1800-க்குக் கீழே இருப்பவருக்கு என் தீர்ப்பு இது: முதல் வகுப்புக்கு முன்பே உங்கள் ஸ்கோர் ஷீட்டுகளைக் கேட்டு வாங்குபவரைத் தேர்ந்தெடுங்கள், அவர் உங்களைவிட நானூறு புள்ளி மேலே இருந்தால் போதும், பட்டம் இல்லாவிட்டாலும் குறையில்லை. 2200-ஐத் தாண்டியவருக்கு இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். அங்கே பிழைகள் நுண்மையானவை. கோச்சின் கணிப்பே தவறினால் அலசலும் தவறும். அந்த மட்டத்தில் ஆடுபவர் கிராண்ட்மாஸ்டரைத் தேடுவது நியாயம், கட்டணம் கூடுதலானாலும்.