திரையும் மாத்திரையும்

'பிளாக் மிரர்' தொடரின் 'ஆர்க்ஏஞ்சல்' அத்தியாயத்தை (2017) இயக்கியவர் ஜோடி ஃபாஸ்டர். விளையாட்டுத் திடலில் மகள் சாரா சற்று நேரம் காணாமல் போகிறாள். பதறிப்போன தாய் மேரி, குழந்தையின் தலைக்குள் ஒரு கருவியைப் பொருத்துகிறாள். மகள் காண்பதையெல்லாம் இனி கைத்திரையில் காணலாம். அச்சுறுத்தும் காட்சிகளை அவள் கண்ணிலிருந்தே மறைக்கலாம்.

இதைக் கண்காணிப்பின் கதை என்பார்கள். எனக்கு உறுத்துவது மாத்திரை. பதினைந்து வயது சாரா கருவுற்றதைத் திரை காட்டிக்கொடுக்க, மேரி அவசரக் கருத்தடை மாத்திரையைப் பொடித்து அவள் குடிக்கும் ஸ்மூத்தியில் கலக்கிறாள். தானே முடிவெடுத்து விழுங்கினால் உரிமையாக இருக்கும் மாத்திரை, அவளறியாமல் புகட்டும்போது வன்முறையாகிறது. அன்பு என்ற பெயர் அதை மாற்றாது.

அத்தியாயத்தின் பிழைகளையும் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை கருவுறுதலைத் தடுப்பது. உருவான கருவைக் கலைப்பதல்ல. இரண்டையும் குழப்புவது பெண்களுக்குத்தான் தீங்கு. மேலும், தனியாகப் பிள்ளை வளர்ப்பவளின் அச்சத்தை இலவசச் சோதனை என்று பயன்படுத்திக்கொண்ட நிறுவனம் எங்கும் பதில் சொல்வதில்லை. முடிவில் சாரா அதே கைத்திரையால் தாயைத்தான் அடிக்கிறாள். கருவியைத் தந்தவர்மேல் ஓர் அடியும் விழவில்லை.