சிலம்பிற் பொய்க்கரி

மக்கள் வாழ்க்கை சொல்லினால் நடைபெறுவது. விற்பவனும் வாங்குபவனும், கணவனும் மனைவியும், மன்னனும் குடிகளும் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பியே ஒழுகுகின்றனர். அச்சொல் பொய்த்தவிடத்து வாழ்வும் பொய்க்கின்றது. மெய்யான சொல்லும் பிறழக் கேட்கப்பட்டவிடத்து அதே கேடு விளைகின்றது. பொய் கூறுதல் குற்றம் என்பதை அறநூல்கள் யாவும் எடுத்தோதும். ஆராயாது கேட்டலும் அதனோடு ஒத்த குற்றமே என்பதைக் கதைமாந்தரின் அன்றாட ஒழுக்கத்தில் வைத்து விளக்கிய காப்பியம் சிலப்பதிகாரம்.

இந்நூலை 1892ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட காலந்தொட்டு இதன்கண் அடங்கிய இசையும் கூத்தும் நாட்டு வரலாறும் அறிஞர் பலரால் ஆராயப்பட்டுள்ளன. ஈழம் ஈன்ற விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்து இதன் இசைப்பகுதிக்குப் புத்தொளி பாய்ச்சியது. ஆயினும் கதையின் அறத்தைப் பற்றிப் பேசுங்காற் பலரும் பதிகம் கூறும் மூன்று உண்மைகளோடு அமைந்துவிடுகின்றனர். அரசு நெறி தவறினால் அறமே அதனை அழிக்கும் என்பதும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர் என்பதும், முன்வினை தன் பயனைத் தப்பாது தரும் என்பதும் அம்மூன்று. இவை கதை ஈன்ற கனிகள். கதையின் வேரோ ஒரு விழாவிலும், ஒரு பிணக்கிலும், ஒரு பொய்யிலும் உள்ளது. அவ்வேரை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

புகார் நகரின் இந்திரவிழாவை இளங்கோவடிகள் ஐந்தாங் காதையில் விரிவாகப் பாடுகின்றார். வீதிகளின் அணியும், வணிகர் செல்வமும், கூத்தர் ஆடலும் ஒருங்கே காட்சியளிக்கும் அக்காதையின் நடுவில், ஐவகை மன்றங்கள் பேசப்படுகின்றன. விழாவில் அம்மன்றங்களுக்குப் பலியிடுதல் மரபு. அவற்றுள் இரண்டு நோய் தீர்ப்பன. எஞ்சிய மூன்றும் வாய்மையைக் காப்பன. வெள்ளிடை மன்றத்திற் காவலின்றிக் கிடக்கும் பொதிகளைக் கள்வன் ஒருவன் தலையில் ஏற்றுவானாயின், அச்சுமையோடு அவன் சுழன்று திரியவேண்டியதன்றிக் கொண்டு செல்ல இயலாது. பூத சதுக்கத்திலுள்ள பூதம் பொய்த் தவத்தோரையும் பொய்க்கரி கூறுவோரையும் புறங்கூறுவோரையும் பாசத்தாற் பிணித்து உண்ணும். பாவை மன்றத்துப் பாவையோ, அரசன் செங்கோல் வளைந்தாலும் அறங்கூறவை ஒருபாற் சாய்ந்தாலும் வாய் திறவாது கண்ணீர் சொரியும்.

இவற்றைப் பழங்காலக் கற்பனை எனப் புறந்தள்ளுதல் பொருந்தாது. விழாவென்பது களிப்பதற்கு மட்டும் உரியதன்று; ஓர் ஊர் தான் எவ்வறத்தின்மேல் நிற்கின்றது என்பதை ஆண்டுதோறும் தனக்கே நினைவூட்டிக்கொள்ளும் நாளும் அதுவே. களவு வெளிப்படும், பொய்க்கரி தண்டிக்கப்படும், முறை தவறினால் அழுவதற்கு ஒருத்தி இருக்கின்றாள் என்னும் மூன்று நம்பிக்கைகளையும் புகார் மக்கள் தம் விழாவினுள் வைத்திருந்தனர். இம்மூன்றும் மதுரையில் எவ்வாறு தலைகீழாயின என்பதே பின்வரும் கதை.

விழா முடிகின்றது. மாதவியின் ஆடலும் முடிகின்றது. முடிந்தபொழுது கோவலன் ஊடற் கோலத்தோடு இருந்தான் என்கின்றார் அடிகள். பலர் காண அவள் ஆடியமை அவனுக்கு உவப்பளிக்கவில்லை போலும். அவனை மகிழ்விக்கவே மாதவி தன்னை ஒப்பனை செய்துகொண்டு கடற்கரைக்கு உடன் செல்கின்றாள். ஆண்டு யாழ் கைமாறுகின்றது. அவன் வேறொருத்தியை நினைந்தவன்போற் பாடுகின்றான். அவளும் வேறொரு குறிப்புடையாள்போற் பாடுகின்றாள். இருவர் பாட்டும் விளையாட்டுரையே. ஆயின் அவன் அவளுடைய பாட்டைக் கரியாகக் கொண்டு அவளைப் பொய்யள் எனத் துணிகின்றான். ஒரு வினாவும் வினவவில்லை. கையை நெகிழவிட்டு அகலுகின்றான். பின்னர் வசந்தமாலை கொணர்ந்த மடலையும் ஏலாது, மாதவியின் அன்புச் செயல்கள் யாவும் ஆடல்மகளின் நடிப்பே என்கின்றான். பன்னாட் பழகிய ஒருத்தியைப் பற்றி ஒரு மாலைப் பொழுதிற் கேட்ட பாட்டைக்கொண்டு முடிவு கட்டிய இச்செயல், உலகியலில் நாள்தோறும் காணப்படும் சிறுமையே. காப்பியத்தின் பெருந்துன்பம் இச்சிறுமையிலிருந்து தொடங்குகின்றது.

இனி மதுரைக்கு வரின், அதே காட்சி வேறு மாந்தரைக் கொண்டு மீண்டும் நிகழக் காணலாம். ஆடல்மகளிரின் கூத்தும் பாட்டும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்தன எனக் கோப்பெருந்தேவி ஊடுகின்றாள். ஊடலை மறைத்துத் தலைநோவென்று கூறி அவையை விட்டு நீங்குகின்றாள். அரசன் அவள் ஊடலைத் தணிக்க விரைகின்றான். புகாரில் ஆடலுக்குப்பின் ஊடியவன் கணவன். மதுரையில் ஆடலுக்குப்பின் ஊடியவள் மனைவி. தேவி கூறிய தலைநோவு இல்லறத்தில் எவரும் கூறும் சிறு பொய். ஆயின் அச்சிறு பொய் உண்டாக்கிய விரைவினிடையிலேதான் பொற்கொல்லனின் பெரும்பொய் வாயிலில் வந்து நிற்கின்றது. தேவியின் சிலம்பைத் தானே வவ்விய அவன், சிலம்பு விற்க வந்த அயலானைக் கள்வன் என்கின்றான். மனைவியின் பிணக்கைத் தீர்க்கும் ஆர்வத்திலிருந்த அரசன், சிலம்பு அவன் கையிலிருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணருமாறு காவலரை ஏவுகின்றான். அவையில்லை, விசாரணையில்லை, எதிருரை கேட்டலுமில்லை. கடற்கரையிற் கோவலன் செய்த பிழையையே அரண்மனை வாயிலில் அரசன் செய்கின்றான். வேறுபாடு ஒன்றே: ஒருவன் பிழை ஓர் இல்லத்தைக் குலைத்தது, மற்றவன் கையில் ஆணை இருந்தமையால் அவன் பிழை ஓர் உயிரைக் குடித்தது.

காவலர் கோவலனைக் கண்டதும் இவன் கள்வனல்லன் என ஐயுற்றமை நோக்கத்தக்கது. கண்ணாற் கண்டவர்க்கு உண்மை தோன்றிற்று. பொற்கொல்லனோ களவு நூல் கூறும் எட்டுத் துணைகளையும் ஒவ்வொன்றாக விரித்து, அந்த ஐயத்தை அடக்கிவிடுகின்றான். கல்வியும் சொல்வன்மையும் பொய்க்கு ஏவல் செய்யும்பொழுது எளியோர் தம் கண்ணையே நம்பாது விடுகின்றனர். அவர்கள் தயங்கி நிற்கையிற் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசுகின்றான். ஐயுற்றவரின் மௌனமும் அவ்வாளுக்குக் கூர் அளித்தது எனல் மிகையன்று.

இவ்விடத்தில் அடைக்கலக் காதை கூறும் ஒரு செய்தியை நினைத்தல் வேண்டும். புகாரில் வறியவன் ஒருவன் பத்தினி ஒருத்தியின்மேற் பழி சுமத்தி, அவள் கணவனிடம் பொய்க்கரி கூறினான். சதுக்கப் பூதம் அவனைப் பற்றிக்கொண்டது. அவன் தாயின் துயர் கண்டு பொறாத கோவலன், தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விடுமாறு பூதத்தை வேண்டினான். கயவன் உயிருக்கு ஈடாக நல்லுயிரைக் கொள்ளுதல் தனக்கு அறமன்று என அப்பூதம் மறுத்தது. பின்னர் அக்குடும்பத்தைக் கோவலன் பல்லாண்டு பேணினான். மாடல மறையோன் இதனைக் கூறிப் பாராட்டுவது கோவலன் இறப்பதற்குச் சற்று முன்னரே. பொய்க்கரியாளன் ஒருவனுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்தவன், மற்றொரு பொய்க்கரியாளனால் உயிரிழக்கின்றான். பூதம் ஏற்க மறுத்த ஈட்டை மதுரையின் நீதி ஏற்றுக்கொண்டது. பொய்யனை விழுங்கப் புகாரிற் பூதம் இருந்தது. மதுரையிற் பொய்யனே அரசனின் செவியருகில் இருந்தான்.

இவையனைத்தும் ஊழின் செயலெனின், மாந்தரைக் குறைகூறுதல் தகுமோ என ஒரு தடை எழலாம். யாழ் வெறும் வாயிலாக ஊழே வந்து புகுந்தது என்னும் கருத்தை அடிகளே தெரிவிக்கின்றார் அன்றோ? அத்தடைக்கு விடை கட்டுரை காதையில் உள்ளது. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முற்பிறப்பை உணர்த்துகின்றது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில், கபிலபுரத்திலிருந்து அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் எனக் கூறி அரசனாற் கொல்வித்தவன் பரதன்; அப்பரதனே கோவலனாகப் பிறந்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் துயருற்றுத் திரிந்து, இத்துன்பம் செய்தோரும் இதனையே எய்துக எனச் சாபமிட்டு உயிர் நீத்தாள். அவ்வாறாயின் ஊழ் என்பதுதான் யாது? ஒரு காலத்திற் கூறப்பட்ட பொய்யும், ஆராயாது கேட்கப்பட்ட முறையீடுமே ஊழாய் மீண்டு வந்தன. ஊழை வகுத்தவர் அடிகள். அவ்வூழை மக்களின் நாவிலும் செவியிலும் வைத்து வகுத்தமையே அவர்தம் தனிச்சிறப்பு.

ஆராய்ந்து கேட்டவரும் இக்காப்பியத்தில் உளர். மாதவியின் இரண்டாம் மடலைக் கொணர்ந்த கோசிகமாணி, துயரால் உருமாறியிருந்தவன் கோவலன்தானோ என ஐயுற்று, மாதவிக் கொடியோடு பேசுவான்போற் பேசித் தெளிந்த பின்னரே மடலை நீட்டுகின்றான். அதனைப் படித்த கோவலன் அவள் தீதிலள் எனவும் தவறு தன்னதே எனவும் உணர்ந்து சோர்வு நீங்குகின்றான். அதன் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதத்தக்க சொற்களாகவும் அமைந்திருத்தல் கண்டு, அவ்வோலையையே அவர்களுக்கு அனுப்புகின்றான். மாயத்தாள் என இகழப்பட்டவளின் மொழியையே தன் மன்னிப்பு வேண்டும் மொழியாகக் கொண்டமை அவன் மனமாற்றத்தின் நிறைவைக் காட்டும்.

அரசனும் அத்தகையனே. வழக்குரைக்குமிடத்துத் தன் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்தென்று அவன் ஒளியாது கூறுகின்றான். அவ்வொரு சொல்லே தன்னை வீழ்த்தும் என்பதை அறியாவிடினும், வழக்கின் முன் மெய் கூறினான். சிலம்பு உடைந்து மணி தெறித்ததும் தன்னையே கள்வன் எனக் கூறி வீழ்ந்து மாய்கின்றான். உண்மை காண வேண்டியிருந்தது ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்தல் மட்டுமே. அச்சிறு செயல் காலையில் நிகழ்ந்திருப்பின் எவ்வுயிரும் மாய்ந்திராது. அதுகாறும் பெரிதும் அமைதியாய் இருந்த கண்ணகி, முறை தவறிய நகரிற் கண்ணீரோடு நிற்கும் பாவையாகின்றாள். ஆயின் இப்பாவை வாய் திறந்து பேசிற்று. எரியை ஏவும்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினியர், முதியோர், குழவியர் ஆகியோரை விடுத்துத் தீயோரையே பற்றுமாறு பணிக்கின்றாள். அவள் சினத்துள்ளும் ஓர் ஆராய்ச்சி இருந்தது.

ஆயினும் நடுநிலை நின்று நோக்குவார் ஒன்றை மறைத்தல் ஆகாது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரு பகலிற் பலியிட்டான் என நூல் கூறும். உரைபெறு கட்டுரையில் இது வருகின்றது. அப்பகுதி பிற்காலத்தது எனக் கருதுவாரும் உளர். எனினும் வஞ்சிக்காண்டத்து நீர்ப்படைக் காதையும் இதனைக் கூறுதலின் தள்ளுதற்கில்லை. பொய்த்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். ஆராயாத கொலைக்குக் கழுவாயாக அதனினும் ஆயிரம் மடங்கு பெரிய ஆராயாத கொலை நிகழ்ந்தது. ஒருவன் குற்றத்தை அவன் கூட்டத்தார்மேல் ஏற்றும் இக்கொடுமையை நூல் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. இது காப்பியத்தில் ஆறாத புண் எனவே கூறல் வேண்டும்.

ஆயின் அதே உரைபெறு கட்டுரை வேறொன்றையும் அருகில் வைத்துள்ளது. கொங்கிளங்கோசர் விழாவெடுத்தனர், மழை பெய்தது. இலங்கைக் கயவாகு மன்னன் கோட்டம் அமைத்து ஆடித் திங்களில் விழாவெடுத்தான். அவன் நாட்டிலும் மழை பெய்து விளைவு பெருகிற்று. அவ்விரு நாட்டு விழாக்களிலும் மக்களைக் கொன்றமை கூறப்படவில்லை. குருதியின்றியும் மழை பெய்ததாயின், ஆயிரவர் குருதி வீணே சிந்தப்பட்டது என்பது சொல்லாமற் சொல்லப்பட்டதாகின்றது.

ஈழத்தின் கிழக்குக் கரையிற் கண்ணகி கோவில்களில் வைகாசியில் நிகழும் குளிர்த்தி விழாவிற் கண்ணகி வழக்குரை பாடப்படுதல் மரபு. அம்மையின் சினத்தைத் தணிப்பதே குளிர்த்தி. ஊழ் பற்றியும் கற்புப் பற்றியும் எத்துணையோ பெயர்கள் இடத்தக்க இக்கதைக்கு அந்நாட்டு மக்கள் வழக்குரை என்றே பெயரிட்டனர். கதையின் உயிர் எங்குள்ளது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். எரி தணிந்தது, வழக்கு மட்டும் ஆண்டுதோறும் மீண்டும் உரைக்கப்படுகின்றது. ஒருவனைப் பற்றி மற்றொருவன் கூறுவதை ஒரு சிலம்பை உடைத்துப் பார்க்கும் பொறுமையுமின்றி நம்பும் செவி உலகில் உள்ளவரை, அவ்வழக்கு உரைக்கப்படவே வேண்டும்.