ஸ்டன்னர்: விழுகிறவர் செய்யும் வித்தை

டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்தில் ஆட்டத்தை முடிக்கும் அடிகளில் பலவும் பளு தூக்கும் வேலைதான். அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் ஆளைத் தலைகீழாகத் தூக்கி இறக்கும். பிராக் லெஸ்னரின் எஃப்-5 தோளில் சுமந்து சுழற்றி வீசும். 'ஸ்டோன் கோல்ட்' ஸ்டீவ் ஆஸ்டினின் ஸ்டன்னரில் அந்தக் கஷ்டமே இல்லை. வயிற்றில் ஓர் உதை. ஆள் குனிந்ததும் ஆஸ்டின் முதுகைக் காட்டித் திரும்புவார்; எதிராளியின் தலையை வளைத்துப் பிடித்து, முகவாயைத் தன் தோளில் வைத்து, பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிடுவார். தாடை தோளில் இடித்து எகிறும். அவ்வளவுதான்.

நிதானமாக ஓடவிட்டுப் பார்த்தால், இதில் பலமாகத் தரையில் மோதுவது அடிப்பவரின் பின்புறம் என்பது தெரியும். அடி வாங்குபவர் முழங்காலில் இறங்கியபடி தாடையைத் தோளில் சாய்க்கிறார். அதன்பிறகு என்ன நடக்கவேண்டும் என்பது முழுக்க அவர் பாடு. நம் படங்களில் நாயகனின் ஒரு குத்துக்குப் பத்தடி பறக்கும் சண்டை நடிகரின் உழைப்பு எதுவோ, அதே உழைப்பு. பெயர் மட்டும் ஆஸ்டினுக்கு.

1996 தொடக்கத்தில் ஆஸ்டின் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குள் நுழைந்தபோது 'ரிங்மாஸ்டர்' என்று பெயர் வைத்து, மல்யுத்த வீரர் டெட் டிபியாசியின் கழுத்துப் பிடியையும் கையில் கொடுத்திருந்தார்கள். இரண்டுமே எடுபடவில்லை. ஸ்டன்னரை அவருக்கு யோசனை சொன்னவர் பழைய மல்யுத்த வீரர் மைக்கேல் ஹேஸ். அதே ஆண்டு ஜூனில் மில்வாக்கியில் நடந்த 'கிங் ஆஃப் தி ரிங்' இறுதிப் போட்டியில் ஜேக் ராபர்ட்ஸை அதைக்கொண்டே வீழ்த்தினார். உதையோடு தொடங்கும் வடிவம் பின்னால் நிலைபெற்றது.

1997 ஆகஸ்ட் 3, நியூஜெர்சி, சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சி. எதிராளி ஓவன் ஹார்ட் அவரைத் தலைகீழாகப் பிடித்து உட்கார்ந்தபோது, ஆஸ்டினின் தலை தொடைகளுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. உச்சந்தலை நேராகத் தரையில் இடித்தது. கைகால் மரத்துப்போய்க் கிடந்தார். ஓவன் கூட்டத்தைப் பார்த்து வம்பிழுத்து நேரத்தைக் கடத்த, ஆஸ்டின் தவழ்ந்து வந்து அவரைப் பின்னாலிருந்து சுருட்டிப்போட்டு, ஏற்கெனவே தீர்மானித்திருந்த வெற்றியை ஒருவழியாக நிறைவேற்றினார். 2000-ஆம் ஆண்டு கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்வரை அந்தக் காயத்தோடுதான் அவருடைய உச்சகாலம் ஓடியது.

ஆட முடியாத ஆஸ்டினை வைத்து என்ன செய்வது? செப்டம்பர் 22 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் விடை கிடைத்தது. டாக்டர்கள் அனுமதிக்கவில்லை, பொறுமையாக இரு என்று நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மஹன் அறிவுரை சொல்ல, கிடைத்தது ஸ்டன்னர். முதலாளியை அடித்த தொழிலாளி என்ற கதை, அந்த நிறுவனத்துக்குக் கோடிகளை அள்ளிக்கொடுத்த கதை, அங்கேதான் சூடு பிடித்தது. யாரையும் தலைக்குமேல் தூக்கவேண்டிய அடியாக இருந்திருந்தால், காயம்பட்ட கழுத்தோடு அந்த இரவு சாத்தியப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே.

ஸ்டன்னரை வாங்குவதில் சக வீரர் தி ராக்கை மிஞ்ச ஆளில்லை. தாடை இடித்ததும் சுருண்டு விழாமல், ஸ்பிரிங் போல எழும்பி, உடம்பை வில்லாக வளைத்துப் பின்னால் தெறிப்பார். 2002-இல் டொராண்டோவில் நடந்த ரெஸில்மேனியாவில், அந்த நிறுவனத்தின் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியில், ஸ்காட் ஹால் அதையும் தாண்டித் துள்ளிக் குதித்தார். அது கொஞ்சம் கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஆட்டத்தில் நினைவிருப்பது அந்தத் துள்ளல்தான். மறுபக்கம், 2007-இல் டெட்ராய்ட்டில் டொனால்ட் டிரம்ப் வாங்கியது. குழம்பிப்போய் முழங்காலில் சரிந்தார். ஆஸ்டின் என்ன செய்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்த அடியின் மதிப்பைக் குறைத்தது வேறொன்று: அதிலிருந்து தப்புவது. 2001 ஹூஸ்டன் ரெஸில்மேனியாவில் ராக் ஸ்டன்னர் வாங்கியும் மூன்று எண்ணுவதற்குள் தோளை உயர்த்திவிட்டார். அன்று ஆட்டத்தை முடித்தது நாற்காலி. பெரிய மேடையில் பெரிய அடியிலிருந்து ஒருவர் மீண்டெழுவது சிலிர்ப்பான காட்சிதான்; அதை ஆண்டுதோறும் வாடிக்கையாக்கினால் எந்த அடிக்குமே பயம் இருக்காது. இன்றைய ரெஸில்மேனியா ஆட்டங்கள் பலவற்றின் வியாதி இது.

2022 ஏப்ரல் 3, டெக்சாஸ் ஆர்லிங்டன், மறுபடி ரெஸில்மேனியா. முந்தைய இரவுதான் கெவின் ஓவன்ஸை ஸ்டன்னரால் வீழ்த்தி, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய தன் முதல் ஆட்டத்தை ஆஸ்டின் முடித்திருந்தார். அன்று சில நிமிட இடைவெளியில் மூன்று பேருக்கு அதே அடி. இளைஞர் ஆஸ்டின் தியரி காற்றில் எகிறி விழுந்தார், அரங்கமே கூச்சலிட்டது. அடுத்து 76 வயது மெக்மஹன். உதைக்கே தடுமாறி, ஸ்டன்னர் முழுதாக விழும்முன்பே கலைந்து சரிந்தார். ஆஸ்டினுக்கே சிரிப்பு தாங்கவில்லை. கடைசியாக வர்ணனையாளர் பாட் மெகாஃபி, முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர், சேர்ந்து பீர் குடித்துக்கொண்டிருந்தபோதே வாங்கிக்கொண்டார். மூவரில் தொழில் தெரிந்தவர் யார் என்பதை யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.