உலைக்களம் யாருடையது? ஃபோர்ஜேயோ திட்டத்தின் வழித் தன்னார்வப் பராமரிப்பு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் பேசும்போது நாம் பெரும்பாலும் இரண்டு செய்திகளை வலியுறுத்துகின்றோம். ஒன்று, அது விலையின்றிக் கிடைக்கின்றது. மற்றொன்று, அதன் மூலநிரலை எவரும் படித்துத் திருத்தலாம். இவ்விரண்டும் உண்மையே. ஆயினும், அம்மென்பொருளை நாள்தோறும் பேணுபவர் யார், அவர்களிடையே எழும் கருத்து வேறுபாடு எவ்வாறு தீர்க்கப்படுகின்றது, அவர்களது கூட்டுழைப்பின் பெயரும் முகவரியும் எவர் கையில் உள்ளன என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. தன்னார்வலர்களால் பேணப்பட்டுவரும் ஃபோர்ஜேயோ என்னும் மென்பொருட் கூட்டுப்பணித் தளத்தின் வரலாற்றைக் கொண்டு அவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. கட்டற்ற உரிமம் நிரலைக் காக்கும். நிரலைச் சுற்றி உருவாகும் சமூகத்தை அது காப்பதில்லை. அதனைக் காப்பதற்கு அமைப்பு விதிகள் வேண்டும் என்பதே நமது கருதுகோள்.

உலையும் களமும்

பலர் ஒரே நிரலில் பணியாற்றும்போது, யார் எதனை எப்போது மாற்றினார் என்பதைப் பதிவு செய்ய ஒரு கருவி தேவைப்படுகின்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு உருவாக்கிய கிட் அத்தகைய கருவியாகும். அக்கருவியின் மேல் பிழை அறிக்கை, திருத்த முன்மொழிவு, மறுஆய்வு, விவாதம், ஆவணம் ஆகியவற்றுக்கான இடங்களைச் சேர்த்து அமைக்கப்பெறும் தளத்தைக் கணினித் துறையினர் கொல்லன் பட்டறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் வழங்குவர். ஃபோர்ஜேயோ என்னும் பெயரும் எஸ்பெராண்டோ மொழியில் அதே பொருள் தரும் சொல்லிலிருந்து வந்ததே. அச்சொல்லின் இறுதியிலுள்ள விகுதி இடத்தைச் சுட்டுவது. தமிழில் 'உலைக்களம்' என்னும் சொல்லில் 'களம்' ஆற்றும் பணியை அங்கு அவ்விகுதி ஆற்றுகின்றது.

இச்சொற்பிரிப்பு நமது ஆய்வுக்குப் பெரிதும் துணைசெய்கின்றது. நிரல் உலை போன்றது. அதனைப் படியெடுத்து வேறிடத்தில் மூட்டலாம். களமோ பெயர், முகவரி, பழகிய மனிதர், சேர்ந்த நம்பிக்கை ஆகியவற்றால் ஆனது. அதனைப் படியெடுக்க இயலாது.

களங்கள் கைமாறிய வரலாறு

1999-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ், கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்குப் பேரளவில் இலவச இடம் அளித்த முன்னோடித் தளமாகும். தொடக்கத்தில் அதன் நிரலும் திறந்தே இருந்தது. 2001-இல் அதனை நடத்திய நிறுவனம் புதிய நிரலைத் திறந்து வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. முன்னர் வெளியான நிரலை அடிப்படையாகக் கொண்டு க்னூ திட்டத்தினர் சவான்னா என்னும் தளத்தை நடத்தலாயினர். அங்கு இடம் கேட்கும் ஒவ்வொரு திட்டத்தின் உரிமத்தையும் தன்னார்வலர்களே பார்த்துச் சரிசெய்து ஏற்கின்றனர்.

சோர்ஸ்ஃபோர்ஜில் 2015-ஆம் ஆண்டு நிகழ்ந்தது மேலும் கருதத்தக்கது. ஜிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளின் விண்டோஸ் பதிப்புக்குரிய பக்கத்தை அதன் ஆக்குநர்கள் பயன்படுத்தாமல் விட்டிருந்தனர். தளத்தை நடத்திய நிறுவனம் அப்பக்கத்தைத் தன்வசப்படுத்தி, விளம்பர மென்பொருளைச் சேர்த்து வழங்கியது. நிரல் களவாடப்படவில்லை, உரிமமும் மீறப்பட்டதாகக் கூற இயலாது. கைமாறியது பெயர் மட்டுமே. ஆனால் அப்பெயரை நம்பியே பயனர்கள் அங்கு வந்தனர்.

2016-ஆம் ஆண்டு கூகுள் தன் நிரல்தளத்தை மூடியது. 2008-இல் தோன்றி இத்துறையில் முதலிடம் பெற்ற கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாஃப்ட் 7.5 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. கட்டற்ற மென்பொருளின் பெரும்பகுதி இன்று கட்டுடைய மென்பொருளால் ஆன ஒரு தளத்தில் உருவாகின்றது என்னும் முரண் இதனால் மேலும் வெளிப்படையாயிற்று.

முதற்பிரிவு: கோக்ஸும் கிட்டீயும்

ஃபோர்ஜேயோவின் மூதாதையாகிய கோக்ஸ் 2014-இல் வெளிவந்தது. சிறிய கணினியிலும் இயங்கக்கூடிய, எவரும் தம் வழங்கியில் தாமே நிறுவிக்கொள்ளத்தக்க உலைக்களம் அது. பலர் அதற்குத் திருத்தங்கள் எழுதி அனுப்பினர். எனினும் அவற்றை ஏற்று மூலநிரலில் சேர்க்கும் அதிகாரம், அதனைத் தொடங்கிய ஒருவரிடமே இருந்தது. அவருக்கு நேரம் வாய்க்காத காலங்களில் திருத்தங்கள் தேங்கி நின்றன. அதிகாரத்தைப் பகிர வேண்டும் என்னும் கோரிக்கை நிறைவேறாத நிலையில், 2016-ஆம் ஆண்டு இறுதியில் பங்களிப்பாளர் சிலர் அந்நிரலைப் படியெடுத்துக் கிட்டீ என்னும் பெயரில் தனித்துச் செயல்படத் தொடங்கினர்.

ஒருவரைச் சார்ந்திருப்பதன் இடரைக் கண்டவர்கள் ஆதலின், கிட்டீயினர் இரண்டு விதிகளை வகுத்தனர். எத்திருத்தமும் பராமரிப்பாளர் இருவரின் இசைவைப் பெற்ற பின்னரே சேர்க்கப்படும் என்பது ஒன்று. திட்டத்தின் பொறுப்பாளர் மூவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. தனிமனித உடைமையிலிருந்து கூட்டுப் பொறுப்புக்கு நகர்ந்த இம்முயற்சியைப் பாராட்டாதிருக்க இயலாது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. தேர்தல் இருந்ததேயன்றி, உடைமையைத் தன் பெயரில் ஏற்று வைத்திருக்கும் சட்டப்படியான அமைப்பாக அச்சமூகம் பதிவு பெறவில்லை.

இரண்டாம் பிரிவு: ஃபோர்ஜேயோ

அக்குறை ஆறாண்டுகளுக்குப் பின்னர் வெளிப்பட்டது. 2022 அக்டோபரில், கிட்டீயின் பெயரில் இலாப நோக்குடைய நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டுள்ளதாக அறிவிப்பு வந்தது. வணிகப்பெயரும் இணைய முகவரியும் அந்நிறுவனத்திடம் சேர்ந்திருந்தன. பங்களிப்பாளர் பலர் இதனை அறிவிப்பின் மூலமே அறிந்தனர். அம்மாத இறுதியிலேயே அவர்கள் வெளிப்படையான மடல் ஒன்றை எழுதி, பெயரையும் முகவரியையும் சமூகத்துக்குக் கட்டுப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்குமாறு வேண்டினர். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 2022 டிசம்பரில் ஃபோர்ஜேயோ பிறந்தது.

நிறுவனத் தரப்பின் வாதத்தையும் நாம் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். நன்கொடை, பரிசுத்தொகை, மானியம் எனப் பல வழிகளை முயன்றும் போதிய பொருள் சேரவில்லை என்றும், பெருநிறுவனங்கள் சில இம்மென்பொருளின் மேல் தம் முதன்மைப் பொருள்களைக் கட்டியெழுப்பிக்கொண்டு எதனையும் திருப்பித் தருவதில்லை என்றும் அவர்கள் கூறினர். இஃது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஊதியமின்றி உழைப்போர்க்கும் வயிறு உண்டு. எனவே நிறுவனம் தொடங்கியதைப் பிழையென நாம் கருதவில்லை. பலரது உழைப்பால் மதிப்புப் பெற்ற பெயரை அப்பலரையும் கலந்துகொள்ளாமல் கைமாற்றியதே பிழையாகும்.

ஃபோர்ஜேயோவினர் இம்முறை களத்தைக் காப்பதில் முனைந்தனர். பெர்லினில் 2018-இல் உருவாகிய கோட்பெர்க் என்னும் இலாப நோக்கற்ற பதிவுபெற்ற சங்கத்திடம் பெயரும் முகவரியும் ஒப்படைக்கப்பட்டன. அச்சங்கம் நடத்தும் தளம் ஃபோர்ஜேயோவால் இயங்குகின்றது. ஃபோர்ஜேயோவின் நிரல் அதே தளத்தில் எழுதப்படுகின்றது. கிட்டீயின் பணியோ கிட்ஹப்பிலேயே நடைபெற்றுவந்தது. தன் கருவியைத் தன் உலையிலேயே வடிக்கும் கொல்லனின் நிலை இது. தளத்தில் ஏற்படும் இடர் எதுவாயினும் அதனை ஆக்குவோரே முதலில் உணர்வர்.

வெளியேற்றமும் குரலும்

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பில் குறை காண்போர்க்கு இரண்டு வழிகள் உள்ளன என்றார். ஒன்று வெளியேறுதல், மற்றொன்று குரல் எழுப்புதல். வெளியேறுதல் மிக எளிதானால் குரல் வலுவிழக்கக்கூடும் என்பது அவரது ஆய்வு தரும் நுட்பமான செய்தி. இக்கோட்பாடு நமது பொருளுக்குப் பெரிதும் பொருந்துகின்றது. கட்டற்ற உரிமம் வெளியேறும் உரிமையை முழுமையாக உறுதி செய்கின்றது. குரலுக்கு அஃது எவ்வுறுதியும் அளிப்பதில்லை. கோக்ஸின் பங்களிப்பாளர்களும் கிட்டீயின் பங்களிப்பாளர்களும் முதலில் குரல் எழுப்பினர். பயனற்ற பின்னரே வெளியேறினர். 'விருப்பமில்லையேல் பிரிந்து செல்லலாம்' என்னும் வழக்கமான மறுமொழி, கேட்பதற்கு உரிமையாகத் தோன்றினும், குரலைச் செவிமடுக்கும் கடமையிலிருந்து உடைமையாளரை விடுவித்துவிடுகின்றது.

பிரிவின் விலை

பிரிவு விலையின்றி வருவதன்று. தொடக்கத்தில் ஃபோர்ஜேயோ, கிட்டீயின் மாற்றங்களை இடைவிடாது உள்வாங்கியவாறே நடந்தது. 2024 பிப்ரவரியில் அது தன் வழியில் தனித்துச் செல்லும் முடிவை அறிவித்தது. அதனால் ஒரே பிழையை இரு குழுவினர் இருமுறை திருத்த நேர்கின்றது. அதே ஆண்டில், ஒன்பதாம் பதிப்பு முதல், எவ்வகைப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்திலிருந்து, வழிவரும் நிரலும் திறந்தே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஜிபிஎல் உரிமத்துக்கு அது மாறியது. இனி ஃபோர்ஜேயோ கிட்டீயிலிருந்து எடுக்கலாம்; கிட்டீ தன் உரிமத்தை வைத்துக்கொண்டு ஃபோர்ஜேயோவின் புதிய நிரலை எடுக்க இயலாது. மூடிய பொருளில் தம் உழைப்பு கரைந்துவிடலாகாது என்னும் எண்ணம் நியாயமானதே. ஆயினும் இரு உறவுக் குழுக்களிடையே இருந்த கொடுக்கல் வாங்கல் ஒருவழியாயிற்று என்பதையும் நாம் மறைத்தலாகாது.

மேலும், கருத்தொற்றுமையால் முடிவெடுக்கும் முறை நேரத்தை வேண்டுவது. நீண்ட விவாதங்களில் இறுதிவரை நிற்பவர் நேரமுடையவரே. பிள்ளை வளர்ப்போரும் இரு வேலை பார்ப்போரும் அங்கு மெல்ல ஒதுங்கிவிடக்கூடும். விதியில் அனைவருக்கும் குரல் உண்டு. நடைமுறையில் ஓய்வுடையோர்க்கே அது வாய்க்கின்றது. பராமரிப்பாளரின் சோர்வு உலகையே தாக்கவல்லது என்பதை 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் நிகழ்வு காட்டியது. களைத்திருந்த பராமரிப்பாளர் ஒருவருக்கு உதவுவதுபோல் ஈராண்டுக்கு மேலாகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர், பரவலாகப் பயன்படும் அந்த மென்பொருளில் கள்ளவழி ஒன்றை மறைத்து வைத்திருந்தார். கோட்பெர்க்கும் 2025-இல் செயற்கை நுண்ணறிவுக்காகத் தரவு திரட்டும் இயந்திரங்களின் நெருக்கடியைச் சந்தித்தது. ஆக்குவதற்கு வரும் கைகள் பல; காவல் காப்பதற்கு வருவன சில.

இவ்வளவு இடர்களுக்கிடையிலும், 2024 டிசம்பரில் ஃபெடோரா திட்டம் தன் நிரல் களஞ்சியத்துக்கு ஃபோர்ஜேயோவைத் தேர்ந்தெடுத்தது. தன்னார்வலர் அமைப்பு நம்பத்தக்க உள்கட்டுமானமாகவும் அமைய முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

தமிழ்க் கணிமைக்கு இதன் பொருள்

தமிழ் மொழியாய்வுக்கு உதவும் ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பு கிட்ஹப்பில் பேணப்படுகின்றது. அதன் உரிமம் திறந்தது; ஆகவே உலை பாதுகாப்பாக உள்ளது. களமோ பிறருடையது. கிட்ஹப்பை இன்றே நீங்குக என்று நாம் கூறவில்லை. பங்களிப்பாளர் மிகுதியும் கூடுமிடத்தில் இருப்பதன் பயன் நமக்குத் தெரியும். ஆனால் தமிழாசிரியரும் ஆய்வாளரும் சேர்ந்து தொடங்கும் ஒவ்வொரு மின்னகராதிக்கும் சொல்வங்கிக்கும் மூன்று வினாக்களுக்கான விடை எழுத்தில் இருத்தல் வேண்டும். முகவரி எவர் பெயரில் பதிவாகியுள்ளது? திறவுச்சொற்கள் எத்தனை பேரிடம் உள்ளன? பொறுப்பாளர் விலகினால் அடுத்தவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுவார்? இவற்றைக் கேட்பது ஐயப்பாடு ஆகாது. நட்பு நிலவும் காலத்தில் எழுதப்படும் விதிகளே பிணக்கு நேரும் காலத்தில் பயன்படும்.

முடிவுரை

கோக்ஸில் அதிகாரம் ஒருவரிடம் இருந்தது. கிட்டீயில் அதிகாரம் பகிரப்பட்டது, உடைமை பகிரப்படவில்லை. ஃபோர்ஜேயோவில் உடைமையும் பொதுவாக்கப்பட்டுள்ளது. உழைப்பின் சுமை இன்னும் சிலர் தோளிலேயே உள்ளது. இம்மூன்று படிகளையும் ஒருசேர நோக்கும்போது, கட்டற்ற மென்பொருள் இயக்கம் நிரலுக்குத் தந்த கவனத்தைப் பராமரிப்புக்குத் தரும் கட்டத்துக்கு மெல்ல வந்துகொண்டிருக்கின்றது எனலாம். உடைமைச் சிக்கலுக்குச் சங்கம் ஒரு தீர்வாக அமைந்தது. பராமரிப்போரின் களைப்புக்குத் தீர்வு இன்னும் காணப்படவில்லை. அதனைக் காண்பது, அவர்தம் உழைப்பின் பயனை விலையின்றித் துய்க்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய கடமை என்பது நமது துணிபு.