குட்டி யானையின் வயிறு

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. வீடு தேடி வந்து கார் கழுவும் குட்டி யானை அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பின்னால் 500 லிட்டர் தண்ணீர் வருகிறது. ஆனால் ஒரு 'தளக்' கேட்க வேண்டுமே!

வண்டி எங்கள் தெருப் பையனுடையது. தொட்டி வைக்க அவன் கோவை கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனபோது சும்மா துணைக்குப் போன நான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பையனுக்கு 1000 லிட்டர் மேல் கண். மிஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "ஏந்தம்பி, இது குட்டி யானை, கும்கி இல்ல."

கணக்கு எளிது. நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோதே அது தூக்கும் சுமை முக்கால் டன் என்றார்கள். தண்ணீரோ லிட்டருக்கு ஒரு கிலோ. ஜெனரேட்டர், பிரஷர் பம்ப், உதவியாள், இவற்றையெல்லாம் கழித்தால் 500தான் மரியாதை. நிமிடத்துக்கு 8 லிட்டர் பீய்ச்சும் பம்ப்புக்கு, கை எடுக்காமல் அடித்தாலும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியையே தூக்கி வைத்துவிடலாமே என்றேன். எந்தக் கம்பெனி செய்தாலும் நாம் 'சின்டெக்ஸ்' என்று கூப்பிடுகிறோமே, அது. மிஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். அது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கப் பிறந்தது. உயரம் வேறு. வளைவில் திரும்பினால் பாரம் தலையில் ஏறிக்கொள்ளும். அவர் சாம்பல் நிற பிளாஸ்டிக் தகட்டை அறுத்து, சூடான காற்றை ஊதி ஒட்டி, நாலடி அகலம், மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பெட்டி செய்தார். 18 கன அடி. ஏறக்குறைய 510 லிட்டர். வெள்ளைத் தகடு மலிவாம். ஆனால் அதில் வெளிச்சம் புகும், பாசி பிடிக்கும்.

நான் சொக்கிப்போனது மூடி போடுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்தபோதுதான். நிறைகுடம் தளும்பாது என்பது சரி. ஆனால் இந்த வண்டி நிறைகுடமாக இருப்பது காலையில் முதல் வீட்டுக்குப் போகும்வரைதான். அதன்பின் நாள் முழுக்கக் குறைகுடம். பிரேக் அடித்தால் பாதித் தொட்டித் தண்ணீர் ஒட்டுமொத்தமாக முன்னால் பாயும். வண்டி நின்ற பிறகும் ஒரு தள்ளு தள்ளும். சின்ன வயதில் எங்கள் பால்காரர் கேனுக்குள் வைக்கோலைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். மிஸ்திரி செய்ததும் அதுதான், தகட்டில். பெட்டிக்குள் கூட்டல் குறிபோல இரண்டு தடுப்புகள், நாலு அறைகள், ஒவ்வொரு தடுப்பிலும் முஷ்டி நுழையும் அளவுக்குத் துளைகள். தண்ணீர் போகலாம், ஆனால் கூட்டமாகப் போக முடியாது.

அதோடு விட்டிருந்தால் நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். தடுப்பின் கீழ் மூலைகளைப் பிறை போலக் கத்தரித்திருந்தார். இல்லாவிட்டால் கடைசித் தண்ணீர் மற்ற மூன்று அறைகளிலும் சிறைப்பட்டுக் கிடக்கும். மேலே விரற்கடை இடைவெளி, காற்று போய்வர. வெளியே எடுக்கும் டேங்க் நிப்பிளை அடியிலிருந்து இரண்டு விரல் மேலே வைத்தார், மண் பம்ப்புக்குப் போகாமலிருக்க. அந்த மண்ணைத் திறந்துவிட அடியில் தனியே ஒரு மூடி. மூச்சுக்குழாயைக் கைத்தடிப் பிடிபோல வளைத்து, வாயில் கொசுவலை கட்டினார். பம்ப் உறிஞ்சும் வேகத்துக்கு மேலே காற்று வராவிட்டால் தொட்டியே ஒடுங்கிவிடும். காற்று வரலாம், கொசு மட்டும் கூடாது.

பொருத்தியதும் அதே நிதானத்தில்தான். வண்டியின் தளம் வரிவரியாக மேடுபள்ளமாயிருக்கும். அந்த மேட்டில் நேராக வைத்தால் தொட்டியின் அடி தேயும். அதனால் ஒரு பிளைவுட், அதன்மேல் பழைய லாரி டியூபை விரித்து ஒரு மெத்தை. இடம், கேபின் சுவரை ஒட்டி. பின்கதவுப் பக்கம் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காதாம். இரும்புப் பட்டைகளின் போல்ட்டுகள் தளத்தகட்டோடு நிற்காமல் சேஸிஸ் வரை இறங்கின. ஆனால் முடுக்கவில்லை. ஹோஸைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது பக்கச்சுவர்கள் சாப்பிட்டு முடித்த வயிறுபோல லேசாக உப்பியிருந்தன. தடவிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார். காலித் தொட்டியில் முடுக்கினால் நிரப்பும்போது பட்டை சுவரைக் கடிக்கும்.

தொட்டிக்கும் பம்ப்புக்கும் நடுவே விறைப்பான குழாய் வேண்டாமென்று, ஒரு முழம் ரப்பர் ஹோஸைத் தொய்வாக விட்டார். வண்டியின் உதறலெல்லாம் அந்தத் தொய்விலேயே அடங்கிவிடுகிறது. பையனுக்கு மட்டும் அது பார்க்க லட்சணமாக இல்லையென்று குறை.

போன வாரம் பொழுதுசாயும் நேரம், தொட்டியில் கால்வாசிதான் இருக்கும், வண்டி வேகத்தடையில் ஏறியது. கடகடவென்று ஒரு சத்தம். ஓடிப்போய்க் கேட்டேன்.

"தண்ணி இல்லீங்ணா, வாளி. அதுக்கு இன்னும் பெல்ட் வாங்கல."