கல்லும் துறையும்

புலிமான்கோம்பைக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்லைப் பற்றி எழுதுவதில்லை. புறநானூற்றை மனதில் சுமந்து போகிறார்கள். கல் அதற்கு அடிக்குறிப்பாகிவிடுகிறது.

ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைப் படுகையிலுள்ள சிற்றூர் அது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2006இல் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கி.மு. காலத்தவை என்பது அவர்கள் கணிப்பு. ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவனுடையது. கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர்தான் அந்தக் கூடல் என்று கருதுவோர் உண்டு. வில்லேந்திய உருவம் இல்லை, புகழ்மொழி இல்லை. ஆள், ஊர், செயல், அவ்வளவுதான்.

'ஆகோள்' தொல்காப்பியத்தில் வெட்சித் துறைகளில் ஒன்று. இலக்கணக்காரன் வகுத்துக்கொண்ட பெயர் என்று நாம் நினைத்திருந்த சொல், ஒரு சாவைக் குறிக்க வெட்டப்பட்ட சொல்லாக நிற்கிறது. இலக்கியம் மெய்ப்பட்டுவிட்டது என்று இதில் மகிழ்ந்துபோவது எளிது. எனக்கு உறுத்துவது வேறு. நடுகல்லில் பெயர் பொறித்ததைச் சொல்லும் புறப்பாட்டுகூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. பாணனின் இழப்பு அதில் இருக்கிறது. செத்தவன் யார் என்பது இல்லை. கல்லில் பெயர் இருக்கிறது, அழுதவர் இல்லை. ஒன்று விட்டதை மற்றது வைத்திருக்கிறது. ஒன்றை மற்றதற்குச் சாட்சியாக்கினால் இரண்டையும் இழப்போம்.

நம் வியப்புரைகள் அந்தவனை மாவீரனாக்கிவிட்டன. அவன் மாடு கவர்ந்து செத்தானா, மீட்டுச் செத்தானா? கல் சொல்லவில்லை. நாம் ஏன் சொல்லிவிடுகிறோம்?